கடற்காகமும் உழவுசாலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்)

மண்புழு உழவனின் தோழன் என்று பள்ளியில் படித்தோம். அந்தத் தோழனே சில பறவைகளுக்கு எமனின் தூதனாகவும் ஆவான் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

ஐரோப்பிய வயல்களில் உழவு நடக்கும்போது டிராக்டரின் பின்னே கடற்காகங்கள் கூட்டமாக இறங்கும். எங்கள் வயலில் அப்பா உழும்போது கொக்குகள் பின்தொடர்வதைப் போலத்தான். புரண்ட மண்ணில் நெளியும் மண்புழுக்களே அவற்றின் விருந்து. அந்த மண்புழுவுக்குள் சயதோஸ்டோமா லாரி என்னும் உருளைப்புழுவின் லார்வா ஒளிந்திருக்கக் கூடும். வளர்ந்தபின் அது குடியேறுவது கடற்காகத்தின் மூக்கறையிலும் கண்குழியிலும்! கடலை நம்பி வாழும் பறவைக்கு நோய் வருவதோ நிலத்திலிருந்து.

இதன் உறவுக்காரப் புழு சிங்காமஸ். அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் வீசெந்தால், கோழிகளின் மூச்சுக்குழலில் இதைக் கண்டு எழுதியது 1799-இல் வெளியானது. செந்நிறப் புழு, இரத்தம் குடிப்பது. ஆண் புழு பெண்ணை வாழ்நாள் முழுதும் பற்றியிருப்பதால் கவட்டைபோல் தோன்றும். குழல் அடைபட்ட பறவை கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும். இருமலில் மேலேறும் முட்டைகளை அதுவே விழுங்க, அவை எச்சத்தோடு மண்ணை அடைகின்றன. அங்கே மண்புழுவுக்குள் புகும் லார்வா ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

அப்படியானால் மண்புழு குற்றவாளியா? இல்லை. அது வெறும் சுமைகூலி. நோயின் ஊற்று நோயுற்ற பறவையின் எச்சம். வானில் பறக்கும் கடற்காகத்துக்கு மருந்து புகட்ட நம்மால் ஆகாது. ஆனால் முற்றத்துக் கோழிக்கு ஆகும். எச்சத்தை அகற்றலாம்; நோயுற்ற கோழி மேய்ந்த மண்ணில் குஞ்சுகளை விடாதிருக்கலாம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் குஞ்சுகள் வாய் பிளந்து மடிந்தன. "கண்ணு பட்டுப்போச்சு" என்றார் அம்மா. புழுவோ, வேறு சீக்கோ? ஒரு குஞ்சின் மூச்சுக்குழலைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அந்த வாரம்தான் ஒட்டுண்ணிகளின் வாழ்க்கைச் சுழற்சியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்!

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடைத்தாளில் படம் வரைந்து மதிப்பெண் வாங்குவது எளிது. அந்தப் படம் அம்மாவின் கோழிக்கூடு வரை சென்று சேராவிட்டால், நாம் படித்தது விலங்கியலா, வெறும் எழுத்தா?

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது புத்தகத்தை மட்டுமல்ல, அதன் பொருளையும் கொண்டு செல்வோம்.