ஆணித் துப்பாக்கி வாங்கும் முன்

வெளிநாட்டிலிருந்து திரும்பிய கணவர், மிச்சம் பிடித்த காசில் வீட்டோடு சேர்த்து ஒரு தளபாடப் பட்டறை போட விரும்புகிறார் என்றும், கடைக்காரர் நான்கு வகை ஆணித் துப்பாக்கிகளையும் பெரிய கம்பிரசர் ஒன்றையும் ‘செட்’டாக எடுக்கச் சொல்கிறார் என்றும், சிறு பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் இதெல்லாம் தேவைதானா என்றும் சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மௌலவியிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் சிரிக்கக் கூடும். வீட்டுக் காசும் பிள்ளைகளின் கண்ணும் விரலும் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் தாராளமாகக் கேட்கலாம்.

காற்றின் அழுத்தத்தால் ஆணியை ஒரே அடியில் மரத்துக்குள் இறக்குவதே இந்தக் கருவியின் வேலை. ஒரு கை பலகையைப் பிடித்திருக்க, மறு கை ஆணியை அடித்து முடித்து விடும். சுத்தியல் பட்டுப் பலகை பள்ளமாவதும் இல்லை. ஆனால், அலுமாரியைத் தாங்குவது ஆணிதான் என்று எண்ணி விடக் கூடாது. மரத்தோடு மரத்தைப் பிடிப்பது மூட்டும் பசையும்தான். மெல்லிய ஆணி, பசை காயும்வரை பலகையை அசையாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே. கட்டில் கால், கதிரைக் கால் போன்ற பாரம் தாங்கும் இடங்களை இதை நம்பி விடலாகாது. நல்ல ஓடாவி எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

துப்பாக்கிகளை ‘கேஜ்’ என்னும் இலக்கத்தால் பிரிப்பார்கள். இலக்கம் கூடக் கூட ஆணி மெல்லியதாகும். 23 கேஜ் ஆணி ஊசி போன்றது, தலையே இல்லாதது. சிறு அலங்காரச் சட்டங்களுக்கு மட்டும் உதவும். 18 கேஜ் ஆணி ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்பு. அது விடும் துளையைச் சிறிது மக்கு வைத்து மறைத்து விடலாம். 16, 15 கேஜ் ஆணிகள் கதவு நிலை போன்ற தடித்த வேலைக்கு உரியன. அதற்கும் பெரிய துப்பாக்கி கூரைச் சட்டம் அடிப்பவர்களுக்கானது; அலுமாரி செய்பவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

ஆகவே சகோதரியின் கணவருக்கு நான்கு வேண்டாம். 18 கேஜில் ஒன்று போதும். அதிலும் 30 மில்லிமீற்றர் வரை மட்டும் அடிப்பதைவிட 50 வரை அடிப்பதை எடுப்பது நல்லது, நீளமானது குட்டை ஆணியையும் அடிக்கும். அலுமாரியின் பின்பலகைக்கும் மெத்தைத் துணிக்கும் ஸ்டேப்ளர் துப்பாக்கி பொருத்தம். அதை வேலை வந்த பிறகு வாங்கலாம். முதிரை, பாலை போன்ற வைர மரங்களில் மெல்லிய ஆணி வளைந்து விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே துளையிட்டுத் திருகாணி போடுவதே முறை.

இனி கம்பிரசர். அதிகமானோர் காசை வீணாக்குவது இதில்தான். ஆணித் துப்பாக்கி ஓர் அடிக்கு எடுக்கும் காற்று மிகச் சொற்பம். சதுர அங்குலத்துக்கு 70 முதல் 100 இறாத்தல் வரையான அழுத்தம் இருந்தால் வேலை நடக்கும். 24 லீற்றர் தாங்கி உள்ள சிறிய கம்பிரசரே ஒரு துப்பாக்கிக்குத் தாராளம். ஆனால் நாளை அதே கம்பிரசரால் பொலிஷ், பெயின்ற் விசிற வேண்டுமென்றால் கதை வேறு. விசிறும் துப்பாக்கி இடைவிடாமல் காற்றைக் குடிக்கும். சிறிய கம்பிரசர் ஓயாமல் ஓடிச் சூடேறிப் பழுதாகும். எனவே விசிறும் வேலை உண்டா, இல்லையா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். குதிரை வலுவைச் சொல்லிக் கடைக்காரர் புகழ்ந்தால் மயங்காமல், 90 இறாத்தலில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வரும் என்று கேளுங்கள்.

எண்ணெய் ஊற்றும் கம்பிரசர் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் எண்ணெய் பார்த்து மாற்ற வேண்டும். எண்ணெய் இல்லாததற்கு அந்தக் கவலை இல்லை. மலிவானவை போடும் சத்தமோ பெரிது. அயல் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கருவி மலிவாகக் கிடைத்தால், அது 100 வோல்ட்டா என்று பாருங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். பட்டறை தூரமென்றால் மெல்லிய நீட்டு வயர் போடாமல் காற்றுக் குழாயை நீட்டுங்கள். வயர் நீண்டால் மோட்டோர் எரியும்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களோடு அவசர சிகிச்சைக்குச் சென்றார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் தொழிலாளர் அல்லர், வீட்டில் பாவித்தவர்கள். விசையை அழுத்தியபடியே மூக்கைப் பலகையில் தொடத்தொட ஆணி பாயும் வகையை விட, ஒவ்வோர் ஆணிக்கும் முதலில் மூக்கை ஊன்றிப் பின்பு விசையை அழுத்த வேண்டிய வகையே பாதுகாப்பானது. முன்னையதில் காயப்படும் ஆபத்து இரு மடங்கு. மலிவான சிலவற்றில் மூக்கில் பாதுகாப்புப் பூட்டே இருப்பதில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவை வேண்டவே வேண்டாம். ஆணி மரத்தின் வைரத்தில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் வெளியே வருவதும் உண்டு. ஆகவே பலகையைப் பிடிக்கும் கை, ஆணியின் நீளத்தை விடத் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் வேலை செய்ய விடாதீர்கள். ஆணி சிக்கினால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் துப்பாக்கியைப் பூட்டி வைத்து, சாவியை நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள்.

நமது ஈரக் காற்றில் தாங்கிக்குள் தண்ணீர் சேரும். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் அடியிலுள்ள திருகைத் திறந்து அதை வெளியேற்றாவிட்டால் உட்புறம் துருப்பிடித்து, ஒரு நாள் அழுத்தம் தாங்காமல் தாங்கியே வெடிக்கலாம். பாவித்த கம்பிரசர் வாங்குவோர் இதற்காகவே அந்தத் திருகைத் திறந்து பார்க்க வேண்டும். செந்நிறத் தண்ணீர் வந்தால் விட்டு விடுங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால், தாங்கியை நிரப்பச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முள் இறங்காமல் நின்றால் விலை பேசலாம்.