சண்டை போடாமலே கைமாறிய ஜெருசலேம்

"சிலுவைப் போர்னா 200 வருஷம் ரெண்டு மதமும் வெட்டிக்கிட்டது மட்டும்தான்"னு ஒரு ஃபார்வேர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். ஷேர் பண்றதுக்கு முன்னாடி இதையும் படிங்க நண்பர்களே.

1229 பிப்ரவரி 18. புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரடெரிக்கும் எகிப்து சுல்தான் அல்-காமிலும் செய்துகொண்ட யாஃபா ஒப்பந்தம். ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் மூன்றும் கிறிஸ்தவர்களுக்கு. அதே ஜெருசலேமுக்குள் அல்-அக்சா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் முஸ்லிம்கள் கையிலேயே இருக்கும். தொழுகைக்குத் தடையில்லை. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போர்நிறுத்தம்.

ரெண்டு பேரும் மகான்கள்னு சொல்ல வரல. சுல்தானுக்கு டமாஸ்கஸில் கூடப் பிறந்தவர் மகனோடயே சண்டை. பிரடெரிக்கை போப் ஒன்பதாம் கிரிகோரி திருச்சபையை விட்டே விலக்கி வைத்திருந்தார்; கூட வந்த படையும் பெரிசில்ல. ஆளுக்கொரு நெருக்கடி. ஆனா அதை மறைக்க மதத்தைச் சொல்லி ஊரைக் கொளுத்தாம, உட்கார்ந்து பேசினாங்க பாருங்க, அதான் விஷயம்.

பாராட்டு கிடைச்சுதா? எங்க! டமாஸ்கஸ் பள்ளிவாசலில் சுல்தானைக் கண்டித்துப் பிரசங்கம். இந்தப் பக்கம், ஜெருசலேமின் முதுபெரும் தந்தையே, கைக்கு வந்த நகரத்துக்கு வழிபாட்டுத் தடை போட்டார். மே 1ஆம் தேதி ஊர் திரும்ப அக்கோ துறைமுகத்துக்கு நடந்த பிரடெரிக் மேல கசாப்புத் தெருக்காரங்க குடலையும் கழிவையும் வீசினாங்க. ஜெருசலேமை வாங்கிக் கொடுத்தவருக்கு வழியனுப்பு விழா!

துரோக ஒப்பந்தம்னு ரெண்டு பக்கமும் திட்டினாங்களே, அதன் கெடு முடிந்த 1239 வரைக்கும் நகரம் கைமாறல.

#ஃபார்வேர்டுக்கு_முன்_படி