பட்டை உரிந்த மாங்கன்றும் காட்டுப்பன்றி உத்தரவும்: மான் சேதத்தைப் பிரித்தறிவது எப்படி?

காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் தமிழக அரசு உத்தரவு பிறப்பித்ததிலிருந்து, மலையடிவார விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'இது மானுக்கும் பொருந்துமா?' பொருந்தாது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைக்கூடச் சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் வனத்துறையினரே செய்வார்கள், விவசாயி அல்ல. புள்ளிமானும் கடமானும் (தென்மாவட்டங்களில் மிளா) இந்த உத்தரவிலேயே இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைக்குச் சிறைத்தண்டனை உண்டு.

ஆகவே வயலில் சேதம் கண்டதும் 'பன்றிதான்' என்று முடிவு கட்டிவிடாமல், வந்தது எது என்று முதலில் பார்க்க வேண்டும். பன்றி மண்ணைக் கிளறும்; நிலக்கடலை, கிழங்கு வகைகளைத் தோண்டும்; மக்காச்சோளத் தட்டையைச் சாய்த்துக் கதிரைச் சவைத்துப் போடும். மான் மண்ணைக் கிளறாது, கொழுந்தைக் கடிக்கும். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது என்பதால், கடித்த இடம் பிய்த்தெடுத்தது போல நார் நாராக இருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாக வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும். கொழுந்து கடிபட்ட செடியை உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் பலரையும் குழப்புவது வேறொரு சேதம். இலை ஒன்றும் கடிபடவில்லை. இரண்டு, மூன்று வயது மாங்கன்று, தேக்கு, சந்தனக் கன்றுகளின் தண்டில் மட்டும் பட்டை உரிந்து நாராகத் தொங்குகிறது. இதைப் பசி என்று நினைத்துத் தீவனம் வைத்துப் பயனில்லை. இது ஆண் மானின் கொம்பு வேலை. மான் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வளரும்போது அதன்மேல் மெல்லிய ரோமத்தோல் போர்த்தியிருக்கும். கொம்பு முற்றியதும் அந்தத் தோல் காய்ந்து உரியும். அப்போது மான் அதை மரத்தில் தேய்க்கும். இணைசேரும் பருவம் வந்ததும் தேய்ப்பது இன்னும் கூடும், தன் வாடையைப் பதிப்பதற்காக. கூடவே காலால் தரையைப் பறிக்கும், புதரைக் கொம்பால் அடிக்கும், பின்னங்காலில் எழுந்து நின்று மேல் கிளையில் தலையைத் தேய்க்கும். கடமான் சேற்றில் புரளவும் செய்யும். வாய்க்கால் ஓரம் குளம்புத் தடத்தோடு ஒரு சேற்றுப் பள்ளம் புதிதாகத் தெரிந்தால் அதைக் கவனியுங்கள்.

இந்த அடையாளங்கள் எப்போது வரும்? குளிர்நாடுகளில் பகல் பொழுது குறைவதை வைத்தே மான்கள் இணைசேர்கின்றன. அமெரிக்காவின் வடபகுதியில் வெள்ளைவால் மானுக்கு நவம்பர் என்று வில்வேட்டைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதே மான் புளோரிடாவில் ஓரிடத்தில் ஜூலை இறுதியிலும் இன்னோரிடத்தில் பிப்ரவரியிலும் இணைசேரும். வடக்கிலிருந்து அங்கே போனவருடைய நாட்காட்டி செல்லாது. நம் புள்ளிமான் இதைவிடவும் நெகிழ்வானது. ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு ஆண் மானுக்குக் கொம்பு முற்றியிருக்கும். ஒரே கூட்டத்தில் ஒன்று மொட்டைத் தலையோடும் இன்னொன்று முழுக் கொம்போடும் நிற்பதைப் பார்க்கலாம். பொதுவாகக் கோடையிலும் மழை தொடங்கும் வேளையிலும் இது உச்சமாகும், ஆனால் காட்டுக்குக் காடு மாறும். கடமானுக்குப் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்கள்.

டெல்டாவிலிருந்து வந்து சத்தியமங்கலம், தேனி, தென்காசிப் பக்கம் அடிவாரத்தில் நிலம் வாங்கியவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் பச்சை கட்டும் காடும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் காடும் ஒன்றல்ல. பக்கத்து மாவட்டத்து உறவினர் சொல்லும் மாதத்தை நம்பிக் கன்று நடாதீர்கள். உள்ளூரில் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியாது. ஒரு நோட்டில் முதல் பட்டை உரிவு, ஆண் மானின் கத்தல், கண்ட மானின் கொம்பு நிலை மூன்றையும் தேதி போட்டு இரண்டு ஆண்டு எழுதி வைத்தால், உங்கள் நிலத்துக்கான நாட்காட்டி கிடைத்துவிடும்.

அந்த நாட்களுக்கு ஒரு மாதம் முன்பே கன்றைச் சுற்றி ஐந்து, ஆறு அடி உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு போடுங்கள், தண்டில் உரசாதபடி. மொத்த வயலுக்கும் வேலி போடுவதைவிடச் செலவு குறைவு. பட்டை ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தால் போர்டோ பசை பூசினால் தேறும். சுற்றிலும் உரிந்துவிட்டால் காயத்துக்குக் கீழே வெட்டிவிட்டுப் புதுத் தளிர் விடச் செய்ய வேண்டும். ஒட்டுக் கன்றானால் ஒட்டுப் பகுதிக்கு மேல் வெட்டுவது முக்கியம். கொழுந்து கடிப்பதற்கு அழுகிய முட்டைக் கரைசல் தெளிக்கலாம், மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். சேலை கட்டுவது சில நாள் பலன் தரும், பிறகு மான் பழகிக்கொள்ளும்.

மின் கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுப்பதை மட்டும் செய்யவே கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி வைத்த வேலியில் மூன்று யானைகள் இறந்தன. மனிதர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். சூரிய மின்வேலிக்கும் 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறை அனுமதி தேவைப்படுகிறது. மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சோளத்திலோ கரும்பிலோ மான் குட்டி அசையாமல் படுத்திருந்தால், தாய் விட்டுப் போய்விட்டது என்று தூக்கி வராதீர்கள். தாய் மேயப் போயிருக்கும், திரும்பி வரும். நாயைக் கட்டிப்போட்டாலே போதும். தடுப்புச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் சுற்றி வேலி போடுங்கள். நாய் துரத்தும் மான்கள் விழுவது அதில்தான். வயலில் உதிர்ந்து கிடக்கும் கொம்பையும் வீட்டில் வைத்திருப்பதோ விற்பதோ குற்றம், வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். சேத இழப்பீட்டுக்கு மனு கொடுப்பதானால் குளம்புத் தடம், புழுக்கை, கடிபட்ட செடி மூன்றையும் பக்கத்தில் ஒரு அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்து, மழைக்கு முன், அன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.