சுவரைக் கட்டியவர் எங்கே?

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு புகார் வருகிறது. பக்கத்து வீட்டில் விடியற்காலையிலேயே மிக்ஸி ஓடுகிறது, ராத்திரி பதினொன்றுக்கும் டி.வி. ஓயவில்லை. செயலாளர் இரு தரப்பையும் கூப்பிட்டு, “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் லிஃப்டில் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். மிக்ஸி ஓட்டியவர் சட்னி அரைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நடுவில் நிற்கும் சுவரைக் கட்டியவரை மட்டும் இந்தப் பஞ்சாயத்துக்கு யாரும் அழைப்பதே இல்லை.

அழைக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர் எத்தனை டெசிபல் ஒலியைத் தடுக்க வேண்டும் என்று தமிழக அரசு எண்ணாகச் சொல்ல வேண்டும். கட்டி முடித்ததும் அளந்து பார்த்துவிட்டே பணி நிறைவுச் சான்று தர வேண்டும்.

ஒலியைத் தடுப்பது முதலில் சுவரின் எடை. எடை இரட்டிப்பானால் தடுப்புத் திறன் ஏறத்தாழ 5 டெசிபல் கூடும். பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் அந்த எடை இருந்தது. இன்று வீட்டுக்கு வீடு நாலரை அங்குலச் சுவரோடு முடித்துவிடுகிறார்கள். அல்லது எடை குறைந்த ஏஏசி கான்கிரீட் பிளாக் வைக்கிறார்கள். செங்கல் கட்டு கன மீட்டருக்கு 1,900 கிலோ அளவில் இருக்கும், ஏஏசி 600 கிலோ அளவில்தான். வெயிலுக்கு அது நல்ல பொருள், வேலையும் சீக்கிரம் முடியும். அந்தக் கல்மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் பொதுச் சுவரில் அதை ஒற்றை வரிசையாக, மெல்லியதாக வைத்தால் அடுத்த வீட்டுப் பேச்சு ஒரு வார்த்தை பிசகாமல் கேட்கும்.

எடையோடு முடிவதில்லை. பீமுக்கும் சுவரின் மேல்வரிசைக்கும் நடுவே விடும் இடைவெளியில் உடைந்த கல்லைத் திணித்துப் பூசி மறைப்பது பல இடங்களில் நடக்கிறது. அதைவிட மோசம், சுவிட்ச் பாக்ஸ். இந்த வீட்டுப் பெட்டிக்கு நேர் பின்னால் அந்த வீட்டுப் பெட்டியும் வந்தால், நாலரை அங்குலத்தில் நடுவே மிஞ்சுவது என்ன? சின்ன ஓட்டை போதும், மொத்தச் சுவரின் உழைப்பும் வீண். இரண்டு பெட்டிகளையும் ஓரடி தள்ளி வைக்கச் சொல்ல ஒரு ரூபாய் செலவில்லை. மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் வேறு விவகாரம். அது தளத்தின் குறை.

குடியேறிய பிறகு சரிசெய்வதுதான் பெரும்பாடு. முட்டை அட்டையும் ஃபோமும் ஒட்டினால் அறைக்குள் எதிரொலி குறையும், சுவரைத் தாண்டி வருவது குறையாது. பழைய சுவரைத் தொடாமல் தனிச் சட்டம் நிறுத்தி, இடையில் ராக்வூல் பஞ்சு நிரப்பி, இரண்டடுக்கு ஜிப்சம் பலகை அடித்து, விளிம்பெல்லாம் அடைக்க வேண்டும். இதற்கு நாலைந்து அங்குலம் போகும். பத்தடி நீளச் சுவரில் அது நாலு சதுர அடி. சதுர அடி 8,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு இடமே 32,000 ரூபாய் நஷ்டம், கூலியும் பொருளும் தனி. கட்டியவர் மிச்சம் பிடித்ததை வாங்கியவர் வட்டியோடு கட்டுகிறார்.

அறிவு இல்லாமல் இப்படி நடக்கவில்லை. கட்டடங்களின் ஒலித் தடுப்புக்கு 1962-லேயே ஐ.எஸ். 1950 என்ற இந்தியத் தரம் வந்துவிட்டது. 2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இதற்கெனத் தனிப் பகுதி இருக்கிறது; ஆனால் அது பரிந்துரை, மாநிலம் கட்டாயமாக்கினால்தான் பல் முளைக்கும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. அவை சத்தம் போடுபவரைக் கட்டுப்படுத்துமே தவிர, சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத் தரக்குறை தெரியவந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். ஆனால் ‘இவ்வளவு தடுக்க வேண்டும்’ என்ற எண்ணே இல்லாதபோது, குறையென்று வாங்கியவர் எதை வைத்து நிரூபிப்பார்?

இங்கிலாந்தில் 2003-ல் விதியைத் திருத்தி, புதிய வீடுகளின் பொதுச் சுவர் குறைந்தது 45 டெசிபல் தடுக்க வேண்டும் என்றார்கள். பத்து வீடுகளுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் நேரில் அளக்கிறார்கள். இல்லையேல் ஏற்கெனவே சோதித்துத் தேறிய கட்டுமுறையைப் பின்பற்றலாம்.

ஜன்னலைத் திறந்துபோட்டு வாழும் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. படுக்கையறையில் ஏ.சி. போட்டு ஜன்னலை மூடியதும் தெருச் சத்தம் அடங்குகிறது. அதுவரை அதில் அமுங்கிக் கிடந்த பக்கத்து வீட்டு இருமல் அப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது. விலை ஏறும் என்பது அடுத்த வாதம். ஏறட்டும். பளிங்குத் தரைக்கும் நீச்சல்குளத்துக்கும் ஏற்றுகிறவர்கள் பொதுச் சுவருக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை.

அரசு தன் வீடுகளிலேயே தொடங்கட்டும். பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களில் சிறிய வீடுகளில் நெருங்கி வாழ்பவர்களுக்கு, நாலு அங்குலம் இழந்து சுவர் எழுப்ப இடமும் இல்லை, பணமும் இல்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே பொதுச் சுவருக்கான டெசிபல் அளவும், பத்து வீட்டுக்கு ஒரு சோதனையும், தேறாத சுவருக்குப் பணம் நிறுத்திவைக்கும் நிபந்தனையும் இடம்பெற வேண்டும். தனியார் கட்டுமானங்களுக்கு இதையே 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு திருத்தமாகக் கொண்டுவரலாம்.