பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கம்பத்திலிருந்து மதுரை வந்து, அங்கே ராத்திரி பஸ் பிடித்து, விடிவதற்குள் நெல்லை புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார்கள் அந்தத் தாயும் எட்டு வயது மகளும். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலையில்தான் வரச் சொல்லியிருந்தார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்தால் மாமியார் தன் மனதை மாற்றிவிடுவாரோ என்ற பயத்தில்தான் தாய் முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. மதுரை டாக்டர்கள், காதுக்கு மிஷின், குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. அந்தச் செலவில் தாயின் தோடும் அடகுக் கடைக்குப் போயிற்று. தெருவில் அந்தப் பிள்ளைக்கு 'ஊமைச்சி' என்றுதான் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே தாய்க்கு அடிவயிறு எரியும்.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி இருப்பதாக யாரோ சொன்னார்கள். பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தொடங்கிய பள்ளி அது. தங்கிப் படிக்க விடுதியும் உண்டு. "விட்டுட்டு வந்துட்டா, போன் பண்ணினா அது பேசவா போகுது?" என்று கேட்டார் மாமியார். தாயிடம் அதற்குப் பதில் இல்லை.

லாட்ஜில் குளித்துவிட்டு வெளியே வந்தால் பகல் முழுவதும் மீதி. வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்கு அறுபது வயதிருக்கும்.

"பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்கவா வந்திருக்கிய தாயி? நாளைக்குத்தானே? இன்னைக்கு ஊரைச் சுத்திக் காட்டுதேன். பார்த்துக் கொடுங்க, போதும்."

முதலில் ஊசிக் கோபுரம். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ல் கட்டிய தேவாலயம் அது. ஞாயிறு ஆராதனைக்கு மணி அடித்தது. தாய் அண்ணாந்து பார்த்தாள். மணிச் சத்தத்துக்குக் கலைந்து பறந்த புறாக்களைப் பார்த்து மகள் கை கொட்டினாள்.

அங்கிருந்து 'மேடை போலீஸ் ஸ்டேஷன்' என்று ஊரார் சொல்லும் பழைய கட்டடத்துக்கு வண்டியை விட்டார். பாளையங்கோட்டை என்ற பெயரில் இருக்கும் கோட்டையில் இன்றைக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதில் இதுவும் ஒன்று.

"இந்தக் கோட்டையிலதான் தாயி ஊமைத்துரைய அடைச்சு வச்சிருந்தான் வெள்ளைக்காரன்."

தாயின் முகம் சுருங்கியது. காலையிலிருந்து காதில் விழாத அந்தச் சொல் இங்கேயும் வந்துவிட்டதே! ஆட்டோக்காரர் அதைக் கவனித்தாரோ என்னவோ, வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. 1799-ல் அண்ணனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, தம்பியையும் உறவினர்களையும் இந்தக் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி, கம்பெனி அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில், சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய், இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார்கள். மார்ச் மாதக் கடைசியில் அதைத் தாக்கிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது.

இவ்வளவுக்கும் தலைமை தாங்கியவருக்குப் பேச்சு வராது. அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியே தம் நினைவுக் குறிப்புகளில் அவரை வியந்து எழுதியிருக்கிறார். ஒல்லியான, நோஞ்சானாகத் தெரிந்த அந்த மனிதரின் ஒவ்வொரு சைகையையும் மக்கள் தெய்வ வாக்காக ஏற்று உடனே நிறைவேற்றினார்களாம். அவர் போர்க் கட்டளை கொடுத்த விதத்தையும் வெல்ஷ் விவரிக்கிறார்.

அதை ஆட்டோக்காரர் செய்தே காட்டினார். தரையில் கிடந்த வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி, இடது உள்ளங்கையில் வரிசையாக வைத்தார். 'இது வெள்ளைக்காரன் படை' என்பதுபோல் தலையில் தொப்பியைக் காட்டி, மீசையை முறுக்கினார். பிறகு வலது கையைக் குறுக்கே வீசி, வாயால் 'உஸ்ஸ்' என்று ஊதி அத்தனையையும் தள்ளிவிட்டார். அதுதான் 'தாக்கு' என்பதற்கு அடையாளம்.

பிள்ளை கண்ணை அகல விரித்துப் பார்த்தது. கீழே விழுந்த வைக்கோலைப் பொறுக்கியது. தன் கையில் அடுக்கியது. ஒரே வீச்சு! ஆட்டோக்காரர் அடிபட்டவர்போல் ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு கதை முழுசாகப் புரிந்தது இதுதான் முதல் தடவை என்று தாய்க்குத் தோன்றியது.

"எப்படிண்ணே இவ்வளவு தெரியும்?"

"ஸ்கூல் சவாரி அடிச்சுப் பழக்கம் தாயி. அந்தப் பிள்ளைய கையாலயே சண்டை போடும், கேலி பண்ணும், கோள் சொல்லும். நமக்குப் பாதிதான் விளங்கும்."

ஊமைத்துரை அந்த ஆண்டு நவம்பரிலேயே பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவரை அடைத்து வைத்த ஊரில், நூறு வருஷம் முடிவதற்குள், காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. கோட்டை போன இடத்தில் பள்ளியும் கல்லூரியுமாக நிறைந்திருக்கிறது பாளையங்கோட்டை.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றைக் கடந்து டவுனுக்குப் புறப்பட்டார்கள். நடுவே சுலோசன முதலியார் பாலம். பாலம் வருவதற்கு முன் படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், தன் சொந்தப் பணம் ஐம்பதாயிரம் ரூபாயைப் போட்டு 1843-ல் கட்டி முடித்த பாலம் இது. "வீட்டம்மா நகையைக் கழட்டிக் கொடுத்தாவ தாயி" என்றார் ஆட்டோக்காரர். தாயின் கை தானாகவே வெறும் காதைத் தடவியது. கீழே தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையின் ஞாயிற்றுக்கிழமை அமைதிக்கு டவுன் நேர் எதிர். ரத வீதியில் பூக்கடைச் சத்தம், பாத்திரக் கடைச் சத்தம், ஹாரன் சத்தம். நெல்லையப்பர் கோயிலில் இசைத் தூண்களைப் பார்க்கப் போனார்கள். பெரிய தூணைச் சுற்றிச் சிறு சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டினால் தூணுக்குத் தூண் சுரம் மாறும்.

தாய் தயங்கி நின்றாள். காது கேட்காத பிள்ளைக்கு இசைத் தூணில் என்ன இருக்கிறது? அங்கிருந்த ஒரு பெரியவர் பிள்ளையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் உள்ளங்கையை ஒரு தூணில் வைத்துவிட்டு, அதையே விரலால் மெல்லத் தட்டினார்.

பிள்ளை சட்டென்று கையை எடுத்தது. திரும்ப வைத்தது. பிறகு தாயின் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தியது. கல்லுக்குள் ஏதோ நடுங்கி அடங்கியது. தாய்க்கு அது காதிலும் கேட்டது, கையிலும் தெரிந்தது.

இருட்டுக்கடை வரிசையில் நின்று, இலையில் சுடச்சுட அல்வா வாங்கித் தின்றார்கள். வீட்டுக்கு அரைக் கிலோ கட்டிக்கொண்டார்கள்.

ராத்திரி லாட்ஜுக்குத் திரும்பியதும் மாமியாரிடமிருந்து போன் வந்தது. "நல்லா யோசிச்சியா? அந்த ஊமைப் பிள்ளைய விட்டுட்டு வரப் போறியா?"

முன்பென்றால் தாய் அழுதிருப்பாள். இப்போது போனை வீடியோவுக்கு மாற்றி மகளிடம் நீட்டினாள். மகள் பையிலிருந்து வைக்கோல் துண்டுகளை எடுத்து உள்ளங்கையில் அடுக்கி, அப்பத்தாவைப் பார்த்து ஒரே வீச்சு வீசினாள்.

"என்னடி செய்யுது அது?"

"கதை சொல்லுது அத்தை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போனா இன்னும் நெறையச் சொல்லும். நம்மதான் படிச்சுக்கணும்."