திருட்டுச் சாவியும் திறந்த கதவும்

பிறர் தோட்டத்து மாங்காயைப் பறிக்கக் கூசுகின்ற கை, கணிப்பொறியின் முன் அமர்ந்தவுடன் அக்கூச்சத்தை மறந்துவிடுகிறது. மென்பொருளின் பூட்டை உடைக்கும் 'கிராக்', பொய்யான உரிம எண்ணை ஆக்கித் தரும் 'கீஜென்' ஆகியவை மாணவர்களிடையே பென்டிரைவ் வழியாகக் கைமாறுகின்றன. இதைப்பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. நானும் அக்குற்றத்தைச் செய்தவனே.

விழுப்புரத்திலும் எங்கள் திண்டிவனத்திலும் தெருவுக்குத் தெரு மணவிழாப் பதாகைகளையும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளையும் காண்கிறோம். அவற்றை வடிவமைக்கக் கற்றால் படிப்புச் செலவுக்கு வழி பிறக்குமென எண்ணினேன். ஆனால் ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா கட்டுவோருக்கே தருவதென அதன் நிறுவனம் 2013ஆம் ஆண்டே முடிவு செய்துவிட்டது. மாதந்தோறும் வாடகை கட்ட ஏழை மாணவன் எங்கே போவான்?

நண்பன் ஒருவன் பூட்டுடைக்கும் கருவியைத் தந்தான். "முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்து" என்றது அதன் குறிப்பு. காவற்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் என் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டன. பணம் கேட்டு ஓர் அறிவிப்பு திரையில் நின்றது. தெருக்கூத்தில் அருச்சுனனாக வேடங்கட்டிய என் தாத்தாவின் படங்களும் அவற்றுள் போயின. அவற்றின் அசல்களை 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் வெள்ளம் முன்பே அழித்திருந்தது. வெள்ளம் விட்டு வைத்ததை என் கையே அழித்தது.

"யானை சிந்தும் கவளத்தால் யானைக்கு என்ன குறை?" என நண்பர்கள் வாதிடுவர். யானைக்குக் குறையில்லை என்றே வைத்துக்கொள்வோம். எறும்புக்கு? இதே பழக்கத்தால் தமிழ் எழுத்துருக்களை உழைத்து வரைந்தவர்களின் படைப்புகளையும் காசு கொடாமல் படியெடுக்கிறோமே, அவர்களும் யானைகளா?

சட்டமும் சும்மா இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப்படி என அறிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்திற்காக அல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு. கடை வைத்துப் பிழைப்பவருக்கு அச்சலுகை இல்லை. வீட்டில் பழகிய திருட்டுப்படியை நாளை கடைக்கும் கொண்டு செல்வோம் என்பதை மறவாதீர்கள்!

அப்படியானால் ஏழை மாணவன் கலை பயிலக் கூடாதா? பயிலலாம், திறந்த கதவுகள் இருக்கின்றன. படங்களைச் செப்பனிட உதவும் 'கிம்ப்' மென்பொருளைத் தொடங்கியவர்கள், 1995இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பயின்ற மாணவர் இருவர். கோட்டுருவம் வரைய 'இங்க்ஸ்கேப்', ஓவியம் தீட்ட 'கிரிட்டா' உள்ளன. 'பிளெண்டர்' என்னும் அசைபட மென்பொருளை 2002இல் பயனாளர்களே 1 இலட்சம் யூரோ திரட்டி உலகுக்குப் பொதுவாக்கினர். அதைக்கொண்டு உருவான 'ஃப்ளோ' என்னும் திரைப்படம் 2025இல் ஆஸ்கார் விருது பெற்றது. இவை யாவும் விலையில்லாதவை. பிறருக்குப் படியெடுத்துத் தருவதும் குற்றமன்று!

குறைகளும் உண்டு. அச்சகங்கள் கேட்கும் கோப்பு வகைகள் சில இவற்றில் சரிவரத் திறப்பதில்லை. பழகிய கைக்குப் புதுக்கருவி முதலில் இடறத்தான் செய்யும். கற்றுத்தர ஆளில்லையே என்றும் சொல்ல முடியாது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் நம் ஊரிலேயே கட்டற்ற மென்பொருளை மாணவர்களிடம் கொண்டு சேர்த்து வருகின்றனர்.

வள்ளுவர் 'கள்ளாமை'க்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவர்கள் நாம். நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் இம்மென்பொருள்களை நிறுவிப் பயிற்சியளிக்க வேண்டுமெனப் பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு மலரின் அட்டைப்படத்தையாவது, எவர் பூட்டையும் உடைக்காமல் நாமே வரைவோம். தாத்தாவின் படங்கள் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை. உங்கள் வீட்டுப் படங்களாவது பிழைக்கட்டும்!