கலியாணம் சரி, எந்தக் கரையில் குடித்தனம்?

நிச்சயதார்த்தம் முடிந்த ஒரு ஜோடிக்கு என்னென்ன கவலை இருக்கும்? மண்டபம் கிடைக்குமா, எத்தனை பவுன், பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது, தனிக்குடித்தனமா கூட்டுக்குடும்பமா... இப்படித்தான் பட்டியல் நீளும். ஆனால் சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் போய் இறங்கிவிடக்கூடிய கும்மிடிப்பூண்டியில், சில ஜோடிகளுக்கு முதல் கேள்வியே வேறு. இங்கேயா, அங்கேயா?

அங்கே என்றால் இலங்கை. கும்மிடிப்பூண்டி என்றதும் பலருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையும், புகைபோக்கிகளும், ஷிஃப்ட் பேருந்துகளும்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. புழலிலும் ஒன்று உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் இங்கே வாழ்கிறார்கள். 2021இல் தமிழக அரசு சொன்ன கணக்கு இது: மாநிலம் முழுக்க 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர்.

முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பையனையும் பெண்ணையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். பையன் பெயின்டிங் வேலைக்குப் போகிறான். பெண் பி.காம். முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் தற்காலிக வேலை பார்க்கிறாள். வீட்டில் அம்மம்மாவோடு பேசும்போது ஈழத்துத் தமிழ், வெளியே வந்தால் வடதமிழகத்துத் தமிழ். இருவருமே இலங்கையைப் பார்த்ததில்லை. ஆனாலும் அரசுப் பதிவேட்டில் அவர்கள் இலங்கைக்காரர்கள். இலங்கையின் பதிவேட்டிலோ, பெற்றோர் முயற்சி எடுத்துப் பதிந்திருந்தால் ஒழிய, அவர்கள் இல்லவே இல்லை!

இவர்களுக்குக் கலியாணம் நிச்சயமாகிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் இங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இன்னும் இறுகிவிட்டது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து படகேறி வந்தவரிடம் பாஸ்போர்ட் எங்கே இருந்திருக்கும்? அது இல்லாமல் வந்தவர்களைச் சட்டம் இந்தப் பெயரில்தான் அழைக்கிறது. ஆக, முகாம் பெண் உள்ளூர்ப் பையனையே கட்டிக்கொண்டாலும் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குறிதான். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை.

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது, 7,469 புது வீடுகள் அறிவிக்கப்பட்டன. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987க்கு முன் பிறந்ததால் தான் குடிமகள்தான் என்று நீதிமன்றம் போய், இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று உத்தரவிட்டது. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் ஆள் என்பது வேறு. நம் ஜோடி பிறந்தது 1987க்குப் பிறகு. அவர்களுக்கு அந்த நீதிமன்றக் கதவும் இல்லை.

சரி, அங்கே போனால்?

போர் 2009 மே மாதம் முடிந்தது. சொந்த விருப்பத்தில் திரும்புகிறவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பி வந்திருக்கிறது. சட்டப்படியும் வழி இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆனால் அப்பாவோ அம்மாவோ இலங்கைக் குடிமக்கள் என்று காட்டக் காகிதம் வேண்டும். எரிந்த வீட்டோடு போன காகிதத்தை எங்கே தேடுவது? ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்த வேலையில் உதவி வருகின்றன.

காகிதம் கிடைத்தாலும் அடுத்த கேள்வி, காணி. யாழ்ப்பாணப் பக்கத்துக் குடும்பம் என்றால் தேசவழமைச் சட்டமும் சீதன வழக்கமும் உண்டு. பெண்ணுக்கு வர வேண்டியது அநேகமாக அம்மம்மாவின் காணிதான். உறுதி தொலைந்திருக்கும். காணியில் வேறு யாராவது குடியிருப்பார்கள். இலங்கைச் சட்டப்படி பத்தாண்டு தடையில்லாமல் அனுபவித்தவர் உரிமை கோரலாம். போரால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதுவும் வழக்குப் போட இரண்டாண்டு அவகாசம்தான் கொடுத்தது. கும்மிடிப்பூண்டியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், போனால் போனதுதான். வெளியேறும் அனுமதி வாங்கி விமானம் ஏறியதும் இங்கே பதிவு போய்விடும், முகாம் வீடு போய்விடும், உதவித்தொகையும் போய்விடும். மன்னாரிலோ திருகோணமலையிலோ ஆறு மாதம் இருந்து பார்த்து, சரிப்படவில்லை என்று திரும்பி வர முடியாது. வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கூட ஒருமுறை உள்ளே போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார். ஒரு நாட்டுக்குக் குடிபோகிறவரை மட்டும் பார்க்காமலே கையெழுத்துப் போடு என்பது என்ன நியாயம்?

இந்தப் பயம் கற்பனையும் அல்ல. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது அங்கிருந்து குடும்பங்கள் மறுபடி தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கின. 2025 மே மாதம், ஐ.நா. உதவியோடு முறைப்படி ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். எந்தக் காலத்திலோ உரிய காகிதம் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதுதான் குற்றம்! முகாமில் பெரியவர்கள், "அங்க போய் என்ன செய்யப் போறியள் பிள்ளையள்?" என்று கேட்டால் அதில் தப்பு சொல்ல முடியுமா?

மறுபக்க வாதமும் இருக்கிறது. எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை கொடுத்துவிட்டால் இலங்கையின் வடக்கு கிழக்கில் தமிழர் எண்ணிக்கை இன்னும் குறையும், அதனால் அவர்கள் திரும்பிப் போவதே நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஒரு இனத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்றும் பாரத்தை, இன்னும் தாலிகூடக் கட்டாத இருவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. ஆள் போய் நிலைக்க வேண்டும் என்றால் காணி, வேலை, பள்ளிக்கூடம், பயமில்லாத வாழ்வு இதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். இங்கே கதவைச் சாத்துவதால் அங்கே எதுவும் முளைத்துவிடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்று விஷயங்கள்.

ஒன்று, துணைத் தூதரக அதிகாரிகள் முகாம்களுக்கே வந்து பிறப்புப் பதிவுகளை முடித்துத் தர வேண்டும். தினக்கூலிக்காரர் சென்னைக்கு நாலு முறை அலைந்தால் நாலு நாள் சம்பளம் போச்சு.

இரண்டு, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர அனுமதி வேண்டும். மூன்று மாதமோ ஆறு மாதமோ, முகாம் பதிவு அப்படியே இருக்க, காணியைப் பார்த்து, வேலை விசாரித்து, சொந்தங்களைச் சந்தித்து முடிவெடுக்கட்டும். இப்போது சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் ஓடுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவையும் 2023இல் தொடங்கியது. பாதை இருக்கிறது, அனுமதிதான் இல்லை.

மூன்று, இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு, குறைந்தபட்சம் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்காவது, குடியுரிமைக்கு ஒரு நேர்வழி வேண்டும். முதல் இரண்டைச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்யாமல் விட்டால், அது வெளியே தள்ளுவதற்கு ஒரு நாகரிகப் பெயராகிவிடும்.

அந்த ஜோடி தீவுக்கே போகலாம். வேப்பமரத்தடியில் கிணறு இருக்கும் வீடு, அம்மம்மா சொல்லிச் சொல்லிப் பழகிய கோவில் திருவிழா, கடற்கரை, எல்லாம் அவர்களை இழுக்கலாம். இல்லை, ரயில் சத்தமும் சிப்காட் சங்கும்தான் எங்கள் ஊர் என்று இங்கேயே இருந்துவிடலாம். இரண்டுமே நல்ல வாழ்க்கைதான். ஆனால் வேறு வழியில்லாமல் போவதும், வேறு வழியில்லாமல் இருப்பதும் இரண்டுமே தண்டனை.

கலியாணத்துக்கு நாள் பார்க்க ஒரு ஜோசியர் போதும். இவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு நாடு கிடைக்க இரண்டு அரசுகள் மனசு வைக்க வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் போய்விட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?